யாழ்ப்பாணப் பயணம்: ஞாயிறு கூட்டம்

வணக்கம் நண்பர்களே. பயணம் பற்றிப் பேச வரும் ஞாயிறு மாலை 5 மணிக்கு, கொழிஞ்சாம்பாறையில் நம் பள்ளி மைதானத்தில் கூடுவோம்.

1. பாஸ்போர்ட் நகல் கொண்டு வாருங்கள். இன்னும் 6 மாதமாவது செல்லுபடியாக வேண்டும்.
2. ராணுவ முகாம்களைப் படம் எடுக்கக் கூடாது.
3. யாழ்ப்பாணத்துக்குத் தெற்கே உள்ள வன்னிப் பகுதியில் கண்ணிவெடி இன்னும் முழுதாக அகற்றப்படவில்லை. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகையைப் பார்த்தால் சாலையை விட்டு ஓரடிகூட இறங்காதீர்கள்.
4. 1983 முதல் 2009 வரை போர் நடந்த மண். "உங்க வீட்டுல யாரை இழந்தீங்க?" என்று நாமாக யாரிடமும் கேட்க வேண்டாம். அவர்களே சொன்னால், போனை உள்ளே வைத்துவிட்டு உட்கார்ந்து கேளுங்கள்.
5. 1981-இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாண நூலகத்துக்கும் போகிறோம். சுமார் 97,000 நூல்கள் சாம்பலான இடம். அங்கே செல்ஃபி வேண்டாம், ப்ளீஸ்.

வருபவர்கள் வெள்ளி இரவுக்குள் இங்கே பெயர் போடுங்கள்.