அந்த நூறு ரூபாயையாவது வெட்டுங்கள்

மதிப்பிற்குரிய மக்களவை உறுப்பினர்களுக்கு, முக்கூடல் பக்கத்திலிருந்து வணக்கம்.

நான் பீடி சுற்றுகிறவள். போன சனிக்கிழமை ஆயிரம் பீடி, நாற்பது கட்டு, கடைக்குக் கொண்டுபோனேன். அங்கிருப்பவர் ஒவ்வொரு கட்டாக எடுத்துத் தலைப்பக்கம் பார்த்தார், அடிப்பக்கம் பார்த்தார், ஒன்றை உருவி விரலால் நசுக்கினார். தூள் குறைவு என்று மூன்று கட்டைக் கழித்துப் போட்டார். கழித்ததற்குக் கூலி கிடையாது. நானும் வாய் திறக்கவில்லை. காசு கொடுக்கிறவர் பார்த்துத்தானே கொடுப்பார்?

2023 மார்ச் 23 அன்று உங்கள் சபையில் சுமார் 45 லட்சம் கோடி ரூபாய் பட்ஜெட் நிறைவேறியது. எனக்கு இவ்வளவு பணம் வேண்டும் என்று அமைச்சகங்கள் கேட்கிற மானியக் கோரிக்கைகளில் ஒன்றைக்கூட விவாதிக்காமல், எல்லாவற்றையும் ஒரே கொத்தாகக் கட்டி, கூச்சலுக்கு நடுவே குரல் வாக்கெடுப்பு. 2018 மார்ச்சிலும் இதே கதைதான். எங்கள் கடைக்காரரை ஒரு வாரம் டெல்லிக்கு அனுப்பி வைக்கட்டுமா?

1976இல் சட்டம் போட்டு பீடி மேல் ஒரு நல வரி வைத்தார்கள். எங்கள் மருந்தகம், பிள்ளைகளின் படிப்பு உதவி எல்லாம் அதில்தான் நடந்தது. 2017இல் ஜிஎஸ்டி வந்ததும் அந்த வரி போயிற்று. இப்போது தொழிலாளர் அமைச்சகத்துக்கு நீங்கள் ஒதுக்கினால்தான் உண்டு. அரசின் பொதுப்பெட்டி திறக்கும்போது எங்களுக்காகக் கேட்க ஆள் வேண்டாமா?

மகள் பாளையங்கோட்டையில் பி.காம். இரண்டாம் வருடம். போன வருடத்து உதவித்தொகையே இன்னும் வரவில்லை. விசாரித்தால், “மேலேருந்து பணம் வரலம்மா” என்கிறார்கள். பரீட்சைக் கட்டணத்துக்குக் கம்மலை அடகு வைத்தேன். ஓட்டை தூர்ந்துவிடாமல் இருக்கக் காதில் ஈர்க்குச்சி செருகியிருக்கிறேன். உங்களால்தான் தாமதம் என்று அடித்துச் சொல்லமாட்டேன். ஏன் என்று கேட்கும் இடம் உங்கள் சபைதான், அங்கே கேட்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

அமைச்சகக் கோரிக்கைகளை எம்.பி.க்களின் நிலைக்குழு பார்க்கிறது என்பீர்கள். பார்க்கட்டும். அது சொல்வது சிபாரிசு. பணத்துக்குத் தலையாட்டுவது நீங்கள். தலையாட்ட மட்டும் அல்ல, மறுக்கவும் குறைக்கவும் அரசியல் சாசனம் 113ஆவது பிரிவில் உங்களுக்கு உரிமை தந்திருக்கிறது. மகள்தான் படித்துச் சொன்னாள். கோரிக்கையில் நூறு ரூபாயைக் குறைக்கச் சொல்லி வெட்டுத் தீர்மானம் கொடுக்கலாமாம். மிச்சம் பிடிக்க அல்ல, இன்ன குறை என்று சொல்லி அமைச்சரைப் பதில் சொல்ல வைக்க. பேசாத கோரிக்கைகளை எல்லாம் ஒரே கொத்தாக வாக்குக்கு விடுவதைக் கில்லட்டின் என்கிறார்களாம். அது விழுந்தால் வெட்டுத் தீர்மானமும் சேர்ந்து செத்தது.

உங்களுக்குத் தொகுதி நிதி வருடம் 5 கோடி. அதில் கட்டிய நிழற்குடையில் நிழலைவிடப் பெயர் நீளம். சரி, அது வேறு வயிற்றெரிச்சல், விடுங்கள்.

கேட்பது இதுதான்: இந்த வருடம் தொழிலாளர் அமைச்சகக் கோரிக்கையைக் கொத்தில் சேர்க்காமல் தனியாக எடுத்துப் பேசுங்கள். பீடித் தொழிலாளர் பிள்ளைகளின் உதவித்தொகைக்காக யாராவது ஒருவர் அந்த நூறு ரூபாய்த் தீர்மானத்தைத் தயவுசெய்து கொடுங்கள். எந்தத் தேதி என்று முன்கூட்டிச் சொன்னால், அன்றைக்குப் பீடி சுற்றும் சுளகை டிவி முன்னால் போட்டு உட்கார்ந்துகொள்வேன்.

இப்படிக்கு,
பீடி சுற்றும் ஒரு தாய்