சுருக்கப் பதிப்பு வாங்குமுன்

ஆசிரியருக்கு,

சார்லட் பிராண்ட்டியின் ‘ஜேன் அயர்’ (1847) நாவலைப் பிள்ளைகளுக்குச் சுருக்கப் பதிப்பாக வாங்குவோர் இரண்டு இடங்களைப் புரட்டிப் பார்ப்பது நல்லது. ஒன்று, நாயகி ஜேன் தங்கிப் படிக்கும் லோவுட் பள்ளி. 5ஆம் அத்தியாயத்தில் வரும் தீய்ந்த கஞ்சியும், பிறகு 80 மாணவிகளில் 45 பேரைப் படுக்கையில் தள்ளும் காய்ச்சலும் வெட்டுப்பட்டால் ஜேனின் கோபத்துக்கு வேரே இல்லை. பிராண்ட்டியின் அக்காள்கள் இருவர் பள்ளியில் நோயுற்று 1825இல் இறந்த துயரம் அந்தப் பக்கங்களில் இருக்கிறது.

மற்றொன்று 33ஆம் அத்தியாயம். ஜேன், தன் சித்தப்பா விட்டுச்சென்ற 20,000 பவுண்டில் அத்தை பிள்ளைகள் மூவருக்கும் தலா 5,000 தர முடிவெடுக்கிறாள். இது விடுபட்டால், சொந்தக் காசோடு காதலர் ராச்செஸ்டரிடம் திரும்புபவள் போக்கிடமற்று வந்தவளாகத் தெரிவாள். அப்படிப்பட்ட பதிப்பை வாங்கவே வேண்டாம்.

— ஒரு நூலகர், திருச்சி