ததிங்கிணதொம்மில் உன் ‘கி’

கார்மெல், இந்தியானா
14 ஆகஸ்ட் 2023

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி மட்டும் இருக்கிறது. அதுவும் சனிக்கிழமை ஸ்டேடியத்துப் படிகளை ஏறி இறங்கியதால் வந்தது என்று என் மேல் பழி போட்டுக்கொண்டிருக்கிறார்.

நீ களத்தில் இல்லாதபோது, குழல் ஊதியும் டிரம் அடித்தும் களத்தில் அணிவகுக்கும் டிரம் கோர் குழுக்களின் இறுதிப் போட்டிக்கு எதற்காக டிக்கெட் வாங்கினீர்கள் என்று போனில் கேட்டாய். சும்மாதான் என்று சொல்லி வைத்துவிட்டேன். உண்மையில் எனக்கே காரணம் தெரியவில்லை. பார்த்துவிட்டு வந்த பிறகுதான் தெரிகிறது. போனில் சொன்னால் பாதியில் உனக்கு வேறு அழைப்பு வந்துவிடும் என்பதால் கடிதமாகவே எழுதுகிறேன்.

2017இலும் 2018இலும் நாங்கள் லூகாஸ் ஆயில் ஸ்டேடியத்துக்கு வந்தபோது களத்தின் ஓரமாக, கீழ் வரிசைகளில் இடம் பிடித்தோம். கையில் பைனாகுலர் வேறு. நூற்றைம்பது பேர் கொண்ட குழுவில் நான் பார்த்தது ஒரே ஒருவனை. நீ இடப்பக்கம் நகர்ந்தால் என் கழுத்தும் இடப்பக்கம் திரும்பியது. மற்றவர்கள் உன்னை மறைத்தால் அவர்கள் மேல் எனக்குக் கோபம் வந்தது. அந்த ஆண்டு உங்கள் ஆட்டம் எதைப் பற்றியது என்று பக்கத்து இருக்கைக்காரர் கேட்டபோது, ‘என் மகன் மூன்றாவது பேஸ் டிரம்’ என்று பதில் சொன்னவள் நான். இந்த முறை அப்பாவின் பேச்சைக் கேளாமல் மேல் அடுக்கில், நாற்பது கஜக் கோட்டுக்கு நேர் மேலே இடம் எடுத்தேன். அங்கிருந்து முகங்கள் தெரியாது. உருவங்கள் மட்டுமே தெரியும். வளைவு நேர்கோடாகிறது, நேர்கோடு இரண்டாகப் பிளந்து ஒன்றுக்குள் ஒன்று நுழைகிறது, மோதப்போகிறார்கள் என்று நாம் மூச்சைப் பிடிக்கும் கணத்தில் இடைவெளி திறந்து வழிவிடுகிறது. ஐந்து கஜத்துக்கு எட்டுக் காலடி, அதாவது ஒரு காலடிக்கு இருபத்திரண்டரை அங்குலம் என்று நீ சமையலறைத் தரையில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு நடந்து பழகியதும், நான் அதைத் துடைக்கச் சொல்லிச் சத்தம் போட்டதும் நினைவுக்கு வந்தன. மேலே இருந்து பார்த்தால்தான் அந்தக் கோட்டுக்கு அர்த்தம் இருக்கிறது.

ஆனால் நான் சொல்ல வந்தது அதைப் பற்றியல்ல. உன் மூன்றாவது டிரம்மைப் பற்றி.

நீ விடுமுறைக்கு வந்தபோதெல்லாம் சாப்பாட்டு மேசையில் விரலால் தட்டிக்கொண்டே இருப்பாய். ஒரு தட்டு, நீண்ட இடைவெளி, இரண்டு தட்டு, மீண்டும் இடைவெளி, எதிர்பாராத இடத்தில் ஒரு தட்டு. எனக்கு எரிச்சலாக இருக்கும். மாயூரத்தில் ஐப்பசி மாதம் சுவாமி புறப்பாட்டின்போது தவில் கேட்டு வளர்ந்தவள் நான். எங்கேயாவது யாராவது தட்டினால் என் காது தானாகவே கணக்குப் போடும். உன் தட்டுகளில் எனக்குக் கணக்கே பிடிபடவில்லை. இத்தனை ஆயிரம் டாலர் கட்டணம் கட்டி, கோடை முழுவதும் பள்ளி உடற்பயிற்சிக் கூடத் தரையில் படுத்து, பேருந்திலேயே நாட்டைச் சுற்றி வந்து இவன் கற்றுக்கொண்டது இதுதானா என்று அப்பாவிடம் புலம்பியிருக்கிறேன்.

சனிக்கிழமை மாலை, போட்டி தொடங்குவதற்கு முன், வாகன நிறுத்தத்தில் ஒரு குழுவின் டிரம்லைன், அதாவது டிரம் அடிப்பவர்களின் வரிசை, கை சூடேற்றிக்கொண்டிருந்ததை நின்று பார்த்தோம். பின்னால் ஓர் ஒலிபெருக்கியில் தாளம் காட்டும் மெட்ரனோம் காது கிழிய அடித்துக்கொண்டிருந்தது. ஐந்து பேஸ் டிரம்காரர்கள் பக்கவாட்டாக ஒருவர் பின் ஒருவர் நின்றார்கள். முதல் டிரம் சிறியது, ஐந்தாவது அணைத்தால் கை எட்டாத அளவு பெரியது. மூன்றாவது டிரம்மை மாட்டியிருந்தது ஒரு பெண், பத்தொன்பது வயதிருக்கும். நான் நான்கடி தூரத்தில் நின்றேன். அவளுடைய ஆள்காட்டி விரலிலும் மோதிர விரலிலும் வெள்ளை டேப் சுற்றியிருந்தது, ஓரம் அழுக்கேறிச் சுருண்டிருந்தது. உன் விரலிலிருந்து அதே டேப்பைத் தேங்காய் எண்ணெய் தடவி நான் உரித்து எடுத்தது உனக்கு நினைவிருக்கிறதா? அவள் உதடு அசையாமல் உள்ளுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள், கோல் மேலே நின்றது, ஒரு தட்டு தட்டினாள், நின்றாள். பிறகு இரண்டு தட்டு. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நம் மேசையில் நீ தட்டியது இதைப் போன்ற ஒன்றைத்தான்.

ஐந்து பேரும் சேர்ந்து அடித்தபோதுதான் விஷயம் விளங்கியது. நம்மூரில் ஐந்தெழுத்துக் கணக்குக்கு ‘ததிங்கிணதொம்’ என்று சொல்வோம் அல்லவா, அதை ஐந்து பேருக்குப் பங்கு போட்டால் எப்படி இருக்கும்? முதலாமவர் ‘த’, இரண்டாமவர் ‘திங்’, மூன்றாமவர் ‘கி’, நான்காமவர் ‘ண’, ஐந்தாமவர் ‘தொம்’. ஒவ்வொருவருக்கும் ஒரே எழுத்து. ஆனால் கேட்பவர் காதில் ஒரே ஆள் ஒரே மூச்சில் சொன்னதாக விழ வேண்டும். தவிலில் இருவர் மாறி மாறி வாசிப்பதைக் கேட்டிருக்கிறேன். அங்கே ஒருவர் தம் வாக்கியத்தை முடித்த பிறகே அடுத்தவர் தொடங்குவார். ஒரு சொல்லையே பிய்த்து ஐந்து உடம்புகளில் வைப்பதை நான் வேறெங்கும் கேட்டதில்லை. நிமிடத்துக்கு 180 துடிப்பு என்ற வேகத்தில், துடிப்புக்கு நான்கு அடி என்று வைத்துக்கொண்டால், நொடிக்குப் பன்னிரண்டு அடி. உன் ‘கி’க்குக் கிடைக்கும் இடம் ஒரு நொடியில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதுவும் நண்டு போலப் பக்கவாட்டில் கால் மாற்றி மாற்றி நகர்ந்துகொண்டே. நீ மேசையில் தட்டியது வெறும் ‘கி’ மட்டும். மற்ற நான்கு எழுத்துகளும் உன் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்திருக்கின்றன. எனக்கு அவை எப்படிக் கேட்கும்?

உன்னையே பார்த்துக்கொண்டிருந்த அந்த இரண்டு ஆண்டுகளிலும் ஸ்டேடியத்திலும் நான் ‘கி’யைத்தான் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன் போலிருக்கிறது.

இன்னொன்றையும் இந்த முறைதான் கவனித்தேன். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும் என்று முப்பது ஆண்டுகள் வகுப்பில் சொல்லிக்கொடுத்தவள், அதன் தொல்லையைக் கண்ணால் பார்த்தது இங்கேதான். ஆடுகளத்தின் அகலம் ஏறக்குறைய 49 மீட்டர். பின் கோட்டில் நிற்பவர் ஊதிய ஒலி முன் கோட்டுக்கு வந்து சேர ஏழில் ஒரு நொடி ஆகும். நிமிடத்துக்கு 180 துடிப்பு என்ற வேகத்தில் அது கிட்டத்தட்ட அரைத் துடிப்பு. பின்னால் இருப்பவர் முன்னால் கேட்பதை நம்பி வாசித்தால் எல்லாம் குழம்பிவிடும். அதனால்தான் முன்னால் கோலால் தட்டி வாசிக்கும் மரிம்பாவும் வைப்ரஃபோனும் வைத்துக்கொண்டு நிற்பவர்கள், குழுவை நடத்தும் டிரம் மேஜரின் கையைப் பார்க்காமல், பின்னாலிருந்து வரும் டிரம்லைனுக்குக் காது கொடுத்து வாசிக்கிறார்கள் என்று நீ ஒருமுறை விளக்கினாய். நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டே ‘ம்’ கொட்டினேன். இப்போது பார்த்தேன்: அவர்கள் யாரையும் பார்க்கவில்லை, தலையைச் சற்றே சாய்த்து முதுகால் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

முடிவுகளை நீ அன்றே பார்த்திருப்பாய். புளூ டெவில்ஸ் 21ஆவது முறையாகப் பட்டம் வென்றார்கள். ஓவியர் மத்தீஸ் கடைசிக் காலத்தில், உடல்நலம் குன்றிச் சக்கர நாற்காலியில் இருந்தபோது, வண்ணம் பூசிய தாள்களைக் கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டிச் செய்த படைப்புகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவுக்கு அது மிகவும் பிடித்தது. எனக்கு அவர்களுடைய சுத்தம் சற்றுக் கூடுதலாகவே சுத்தமாகப் பட்டது. குறை சொல்ல இடமில்லாததே ஒரு குறையாகத் தெரிந்தது என்றால் நீ சிரிப்பாய். மூன்றாவதாக வந்த பாஸ்டன் குருசேடர்ஸ், மோபி டிக் நாவலின் வெள்ளைத் திமிங்கலத்தைக் களத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். என் பரிசு அவர்களுக்குத்தான். நீ கடைசியாக ஆடிய 2018இல் பட்டம் வென்ற சாண்டா கிளாரா வான்கார்டு இந்த ஆண்டு போட்டியிலேயே இல்லை. உங்களைத் தோற்கடித்தவர்கள் என்று அவர்கள் மேல் எனக்கிருந்த மனக்கசப்பு, அவர்கள் இல்லாத அரங்கைப் பார்த்தபோது எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

மதிப்பெண் விஷயத்தில் மட்டும் என் கருத்து மாறவில்லை. ஒட்டுமொத்த விளைவுக்கு 40, காட்சிக்கு 30, இசைக்கு 30, மொத்தம் நூறு என்பது சரி. அதைப் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம் வரை கணக்கிடுவதை, வாழ்நாள் முழுவதும் விடைத்தாள் திருத்திய என்னால் ஏற்க முடியவில்லை. 2008இல் ஃபேன்டம் ரெஜிமென்ட் வென்றது 0.025 வித்தியாசத்தில் என்று நீ வியந்து சொல்வாயே, அந்த 0.025ஐ எந்த மனிதக் காதாலும் அளக்க முடியாது. அந்த எண்ணை அறிவிப்பாளர் வாசிக்கும்போது ஸ்டேடியம் முழுவதும் மூச்சை அடக்கிக்கொள்கிறது என்பதும், நானும் அடக்கிக்கொண்டேன் என்பதும் வேறு விஷயம்.

சிந்தசைசரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2009 முதல் மின்னணுக் கருவிகளை அனுமதித்துவிட்டார்கள் என்பது தெரியும். இருந்தாலும் எண்பது பேர் பித்தளைக் குழல் பிடித்து, நுரையீரலைக் கொடுத்து ஊதும்போது, ஒரு பொத்தானை அழுத்தி நாற்காலி அதிரும்படி ஓர் உறுமலை அடியில் போடுவது எதற்கு? அந்த மூடிய அரங்கில் எதிரொலிக்கு ஏற்கெனவே குறைவில்லை. அப்பா காதில் பஞ்சு வைத்துக்கொண்டார். உறுமல் நின்று குழல்கள் மட்டும் ஒலித்தபோது பஞ்சை எடுத்துவிட்டார். அவருடைய மதிப்பெண் அட்டை அதுதான்.

கொடி சுழற்றி ஆடும் கலர் கார்டில் ஒரு பெண் மரத் துப்பாக்கியை உயரே சுழற்றி எறிந்து, பிடிக்கத் தவறினாள். எந்தக் குழு என்று சொல்லமாட்டேன். குனிந்து எடுத்து அடுத்த கணக்கில் சேர்ந்துவிட்டாள். முகத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை. ஆனால் ஆட்டம் முடிந்து வெளியேறும்போது பக்கத்துப் பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டே போனாள். அங்கே பைனாகுலர் பயன்பட்டது. நீ 2018இல் கடைசி முறையாக வெளியேறியபோது உன் கையை யார் பிடித்திருந்தார்கள் என்று நான் கேட்டதே இல்லை. வயது வரம்பு முடிந்துவிட்டது, அவ்வளவுதான் என்று நீ சொன்னாய். நானும் அதோடு விட்டுவிட்டேன்.

அனுப்பிய மாவடு வந்து சேர்ந்ததா? மூடியைத் திறந்தவுடன் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு ஃபிரிட்ஜில் வை.

ஒரு வேலை உனக்கு. 2018இல் நீ மேசையில் ஓயாமல் தட்டிய அந்த இடம், ஒன்று, இடைவெளி, இரண்டு, இடைவெளி, கடைசியில் ஒன்று. அந்த இடத்தில் மற்ற நான்கு டிரம்களும் என்ன அடித்தன என்று ஒரு தாளில் எழுதி அனுப்பு. உங்கள் குறியீடு எனக்குப் படிக்கத் தெரியாது. த, திங், கி, ண, தொம் என்று தமிழிலேயே எழுது. அப்பா ‘தொம்’ மட்டும் போதும் என்கிறார். மூன்றாவதை யாருக்கும் கொடுக்கவில்லை. நீ டிசம்பரில் வரும்போது தட்டிக்கொள்ளலாம்.

அன்புடன்,
அம்மா