பாகான் வீட்டை விக்கிறேன், அக்கா

அக்கா,

வீட்டைப் பாக்க வந்தவங்களுக்குப் புடிச்சிருச்சு. விலையும் பேசியாச்சு. உன் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. அம்மாவோட வருசத் திதி முடியட்டும்னுதான் நானும் பொறுத்துக்கிட்டு இருந்தேன். வாட்சப்புல அனுப்பினா பாத்துட்டு பதில் போடமாட்ட, போன் அடிச்சா பக்கத்துல யாராச்சும் இருப்பாங்க, நீயும் "அப்புறம் பேசுறேன்"னு வச்சிடுவ, அதான் இங்க எழுதுறேன். இங்க எழுதுற எல்லாத்தையும் நீ ஒண்ணு விடாம படிக்கிறன்னு எனக்குத் தெரியும். சித்தியும் படிப்பாங்க, மாமா வீட்டு ஆளுங்களும் படிப்பாங்க, அதனால சிலது அரையும் குறையுமாத்தான் இருக்கும், உனக்குப் புரியும்.

உன்கிட்ட முதல்ல கேக்காம ஏஜெண்ட்கிட்ட பேசினதுக்கு மன்னிச்சுக்கோ. மனசாரத்தான் கேக்குறேன். ஆனா கேட்டிருந்தா என்னா சொல்லியிருப்ப? "இப்ப என்ன அவசரம், நான் ஒரு தடவ வந்துட்டுப் போறேனே"ன்னு சொல்லியிருப்ப. அம்மா ஆஸ்பத்திரியில கெடந்தப்பவும் அதேதான் சொன்ன. சரி, அத விடு, அத இங்க பேச வேணாம்.

2021 சனவரியில, பாகானுக்கும் பினாங்குத் தீவுக்கும் நடுவுல ஓடின பழைய பெர்ரிக் கப்பல நிறுத்தினாங்கல்ல, அன்னைக்கு குடும்ப குரூப்புல அந்த மஞ்சக் கலர் பெர்ரி படத்தப் போட்டு "என் பினாங்கே போச்சு"ன்னு நீ எழுதின. எல்லாரும் அழுற மூஞ்சியா போட்டாங்க, நான் மட்டும் ஒண்ணும் போடல. எனக்கு அவ்வளவு கோவம் அக்கா. ஆஸ்திரேலியாவுல பெர்த்துல உக்காந்துக்கிட்டு நீ அழுதது நீ கண்ணுல வச்சிருக்கிற பெர்ரிய. நான் தினம் சில்லறை மாத்தி, கேட்டுல ஒவ்வொரு காசா போட்டு, மழையில வரிசையில நின்னு வேலைக்குப் போனது வேற பெர்ரி. இப்ப 2023 ஆகஸ்ட்லேர்ந்து புதுசு ஓடுது தெரியுமா? 250 பேரு, 50 மோட்டோ சைக்கிளு, காடிக்கு (காருக்கு) இடம் கெடையாது, ஏசி, பத்தே நிமிசத்துல அக்கரை, டிக்கெட் 2 வெள்ளி (ரிங்கிட்). எனக்கு நல்லாத்தான் இருக்கு. காத்து அடிக்காது, அது ஒரு குறைதான், ஆனா வேலைக்குப் போறவளுக்குத் தலை கலையாமப் போறது எவ்வளவு பெரிய விசயம்னு உனக்குத் தெரியாது.

இப்படி எழுதிட்டு இருக்கும்போதே அந்த ராத்திரிதான் வருது. நீயும் மறந்திருக்க மாட்ட.

தைப்பூசத்துக்கு மறுநாள், தண்ணிமலைக் கோயில்லேர்ந்து வெள்ளி ரதம் எறங்கி வருது. தங்க ரதமெல்லாம் அப்ப இல்ல, அது 2017-லதான் வந்துச்சு. ரோடு பூரா தேங்கா ஓடு, செருப்பெல்லாம் தேங்காத் தண்ணி புசுபுசுன்னு ஒட்டுது, சீனங்க கடை வாசல்ல கூடை கூடையா தேங்காய அடுக்கி வச்சுக்கிட்டு ரதம் வரட்டும்னு நிக்கிறாங்க. எனக்கு 17, உனக்கு 22. கடைசி பெர்ரி போயிருச்சு. எதுனால போச்சுங்கறத நான் எழுதமாட்டேன், அந்த ஆளப் பத்தியும் எழுதமாட்டேன், அவருக்கும் இப்ப குடும்பம் இருக்கு. "மணிக்கூண்டுகிட்ட நில்லு, இப்ப வந்துடுறேன்"னு சொல்லிட்டு நீ போன.

நான் அங்க தனியா நின்னேன் அக்கா. அந்தக் கூண்டு 60 அடி, விக்டோரியா ராணி ஆட்சிக்கு வந்து 60 வருசம் ஆனதுக்கு, வருசத்துக்கு ஒரு அடி, சியா சென் இயோக்னு ஒரு தவுக்கே (சீன முதலாளி) கட்டிக் குடுத்தாரு, 1902-ல முடிஞ்சது, ரெண்டாவது உலகப்போர்ல பக்கத்துல குண்டு விழுந்து லேசா சாஞ்சிருச்சு, இதெல்லாம் இப்ப ஹோட்டல்ல தங்க வர்றவங்களுக்கு நானே வாய் ஓயாம சொல்றது. அன்னைக்கு அதெல்லாம் தெரியாது. அண்ணாந்து பாத்தா அது என் மேலயே சாயுது, அவ்வளவுதான் தெரிஞ்சது. டிரைஷா (சைக்கிள் ரிக்‌ஷா) ஓட்டுற ஒரு பெரியவர் வந்து என்னா தங்கச்சி இங்க நிக்கிறன்னு மலாய்ல கேட்டாரு, அக்கா வர்றாங்கன்னு சொன்னேன், அவரு போகாம நீ வர்ற வரைக்கும் கொஞ்சம் தள்ளி வண்டியிலயே உக்காந்திருந்தாரு. இத நான் உன்கிட்ட சொன்னதே இல்ல.

நீ வந்த. மூஞ்சப் பாத்ததும் ஒண்ணும் கேக்கக் கூடாதுன்னு புரிஞ்சுச்சு. என் கையப் புடிச்சுக்கிட்டு நடந்த, விடியிற வரைக்கும் நடந்தோம். சூலியா ஸ்திரீட்டுல மீ (நூடுல்ஸ்) கடைக்காரங்க சட்டியக் கழுவி ஊத்திட்டு இருந்தாங்க. லவ் லேன்ல இப்ப இருக்கிற அளவுக்கு பார் கெடையாது, இருட்டா இருந்துச்சு, நீ வேகமா நடந்த. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கத்துல, ராத்திரியில மட்டும் தொறக்கிற நாசி கண்டார் சோத்துக் கடை வரிசையில நின்னோம். முன்னாடி டாக்சிக்காரங்க, பின்னாடி பார்ல இருந்து வந்தவங்க, நடுவுல நெத்தியில திருநீறோட நாம ரெண்டு பேரு. நம்ம தமிழ் முஸ்லிம்காரங்க ரெண்டு கூடையக் காவடி மாதிரி தோள்ல தூக்கிட்டுப் போயி ஹார்பர்ல மூட்ட தூக்குறவங்களுக்கு வித்த சோறு இது, நம்ம தாத்தாவும் அப்படித்தான் வாங்கித் தின்னுருக்காருன்னு நீ சொன்ன. விரதம் முடிக்கிற இடும்பன் பூசைக்கு முன்னாடி அங்க என்னா வாங்கினோம்னு இங்க எழுதல, சித்தி, நீங்களும் கேக்காதீங்க.

அப்புறம் கோயில் வீட்டு வாசல்ல போயி நின்னோம், ரதம் வந்து சேர்ந்துச்சு, மாடு ரெண்டும் அசந்து போயிருந்துச்சு. நீ சாமி கும்புடல, மாட்டோட கழுத்தத் தடவிக்கிட்டே நின்ன.

முத பெர்ரி மேல் தட்டு, கண்ணாடி இல்லாத சன்னல், உன் முடி பூரா என் மூஞ்சில அடிக்குது. அப்பத்தான் சொன்ன. "நான் போயிருவேன், நீ அம்மாவப் பாத்துக்க." நான் சரின்னேன். 17 வயசுல ஒருத்தி தூக்கக் கலக்கத்துல வேற என்னா சொல்வா?

பாத்துக்கிட்டேன் அக்கா. அம்மாவப் பாத்துக்கிறது எனக்கு ஒரு நாளும் சுமையா இருந்ததில்ல, அப்படி நீ எடுத்துக்காத. ஆனா அந்தச் சரிய நீ எவ்வளவு சுளுவா வாங்கிக்கிட்ட! அதுக்கு அப்புறம் ஒரு தடவையாச்சும் "இன்னமும் சரியா?"ன்னு கேட்டியா? நீ போனது தப்புன்னு நான் சொல்லல. போகாம இருந்திருந்தா உன்ன இங்க என்னா பாடு படுத்தியிருப்பாங்கன்னு எனக்குத் தெரியும், யாருன்னு சொல்லல. உனக்கு நல்லது நடந்ததுல எனக்கு சந்தோசம்தான், உன் பிள்ளைங்க படத்தப் பாத்தா வேலையில இருக்கும்போதே சிரிச்சிருவேன். ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு எனக்குள்ள, பிரிக்கத் தெரியல.

இப்ப எனக்கு ராத்திரி ஷிஃப்ட் முடியிறப்ப பெர்ரி இருக்காது. மோட்டோவுல பாலத்து மேலதான் வரணும், 13.5 கிலோமீட்டர், மழை நாள்ல லாரிக்காரன் பக்கத்துல போனா வண்டி தானா நகரும். அம்மா இருந்தவரைக்கும் மோட்டோ சத்தம் கேட்டாத்தான் படுப்பாங்க. அதுக்காகவே அந்தப் பாலத்த நான் கடந்துக்கிட்டு இருந்தேன். இப்ப யாருக்காகக் கடக்கணும்? அதான் தீவுப் பக்கமே ஜெலுத்தோங்ல ஒரு ஃபிளாட் பாத்துட்டேன். ஜார்ஜ் டவுனுக்குள்ளயே இருக்கணும்னுதான் ஆச, ஆனா 2000-த்துல வாடகைக் கட்டுப்பாடு போனதுலேர்ந்து பழைய கடைவீட்டுக் குடும்பமெல்லாம் ஒவ்வொண்ணா கெளம்பிருச்சு, 2008-ல உலகப் பாரம்பரிய ஊருன்னு யுனெஸ்கோ பேரு வந்த பின்னாடி நெறய வீடு ஹோட்டலும் காபிக் கடையுமா ஆயிருச்சு. அதுல ஒரு ஹோட்டல்லதான் எனக்கும் சம்பளம், அதனால ரொம்பக் குறை சொல்ல வாய் வரல.

ராத்திரி ரெண்டு மணிக்கு இந்த ஊரு எனக்குப் புடிக்குது. பூக்கட்டுற அண்ணன் ரேடியோவ சின்னதா வச்சுக்கிட்டு மாரியம்மன் கோயிலுக்கு மாலை கட்டிட்டு இருப்பாரு, நான் தே (டீ) ஒண்ணு வாங்கிக்கிட்டு அஞ்சு நிமிசம் நின்னுட்டுத்தான் வண்டிய எடுப்பேன். பொம்பளப் பிள்ள அந்த நேரத்துல என்னா பண்ணுதுன்னு படிக்கிறவங்க யாராச்சும் கேப்பாங்க. நிக்கிறேன், அவ்வளவுதான். அத எனக்குக் கத்துக் குடுத்தது நீதான்.

வக்கீல் அனுப்புற பேப்பர்ல கையெழுத்துப் போட்டு கொரியர்ல அனுப்பு. உன் பாதி பணம் உன் கணக்குக்கு வந்துரும், ஒரு காசு கொறையாது. அம்மாவோட பித்தளைக் குத்துவிளக்கு உனக்கு, அம்மிக்கல்லு எனக்கு, மத்த பாத்திரத்துல எது வேணும்னு மாசக் கடைசிக்குள்ள சொல்லு. சொல்லலன்னா சித்திக்குக் குடுத்திருவேன். அடுத்த தைப்பூசத்துக்கு வர்றதா இருந்தா டிக்கெட்ட இப்பவே போடு, ஃபிளாட்டுல ரெண்டு ரூம் இருக்கு.