வர்த்தக ஒப்பந்தங்களுக்குக் கணக்குப் போடுபவர்களுக்கு, அம்பத்தூரிலிருந்து

வணக்கம்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ரப்பர் புஷ், வாஷர் மாதிரி உதிரிப்பாகங்கள் அடிக்கும் ஒரு சின்னப் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். நீங்களும் கணக்குக்காரர்கள்தான், அதனால் நேராகவே கேட்கிறேன்: ஒப்பந்தம் வந்தால் யாருக்கு எவ்வளவு லாபம், நஷ்டம் என்று சொல்ல நீங்கள் கம்ப்யூட்டரில் ஓட்டும் மாடலில், வேலை போன ஆள் எத்தனை நாள் சும்மா இருப்பார்?

பெரும்பாலான மாடல்களில் ஒரு நாள்கூட இல்லை. நாட்டின் மொத்த வேலைவாய்ப்பு மாறாது என்று முதலிலேயே எழுதிவைத்துவிட்டு, அப்புறம்தான் கணக்கை ஓட்டுகிறீர்கள். எங்கள் பக்கத்து ஷெட் மூடியபோது, இருபது வருஷம் பிரஸ்ஸில் நின்ற அண்ணன் ஒருவர், நகத்தால் அழுத்திப் பார்த்தே ரப்பர் வெந்ததா இல்லையா என்று சொல்லிவிடுவார், எட்டு மாதம் வீட்டில் இருந்தார். இப்போது ஓர் அப்பார்ட்மென்ட்டில் வாட்ச்மேன். மாடல் பாஷையில் அவர் சேவைத் துறைக்கு மாறிவிட்டார்.

சுங்கத்துக்கு வருவோம். இயற்கை ரப்பர் இறக்குமதிக்கு 25 சதவீதம், அல்லது கிலோவுக்கு 30 ரூபாய், எது குறைவோ அது. ஆசியான் என்ற தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பிலிருந்து செய்து வரும் பல ரப்பர் சாமான்களுக்கோ, அவர்களோடு இந்தியா போட்ட ஒப்பந்தப்படி சொற்ப வரி, சிலதுக்கு அதுவும் இல்லை. மூலப்பொருளுக்கு அதிகம், முடிந்த பொருளுக்குக் குறைவு. இது மாடலில் தெரியாது, ஏனென்றால் இந்த மாடல்களுக்கு உலகமே பயன்படுத்தும் ஜிடாப் (GTAP) என்ற வர்த்தகத் தரவுத் தொகுப்பில் மொத்தப் பொருளாதாரமும் 65 துறை, அதாவது 65 கட்டம்தான். எங்கள் புஷ்ஷும் பிளாஸ்டிக் பக்கெட்டும் ஒரே கட்டத்தில் உட்கார்ந்திருக்கின்றன. சராசரி எடுத்தால் எல்லாம் சுபம்.

பொருள் வர்த்தகத் தடைகளை முழுக்க எடுத்தால் உலகத்துக்கு 83,200 கோடி டாலர் லாபம் என்று 2003 வாக்கில் உலக வங்கிக் கணக்கு சொன்னது. 2005இல் புதிய தரவோடு போட்டபோது அது 28,700 கோடி, அதில் வளரும் நாடுகளுக்கு 9,000 கோடி. நான் இப்படி பேலன்ஸ் ஷீட் காட்டினால் முதலாளி மறுநாள் வேலைக்கு வராதே என்பார்.

மாடலே வேண்டாம் என்று சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் சத்தமாகப் பேசுகிறவர் சொல்வதுதான் கணக்கு, அதில் எங்கள் ஆட்களும் சேர்த்தி. நான் கேட்பது இரண்டுதான். வேலைவாய்ப்பைப் பற்றிய அனுமானத்தை முதல் பக்கத்திலேயே தமிழில் போடுங்கள். அப்புறம், ஆசியான் ஒப்பந்தம் 2010 ஜனவரியில் அமலுக்கு வந்தது. அன்று போட்ட கணக்கையும் இதுவரை நடந்ததையும் அருகருகே வைத்து வெளியிடுங்கள்.

நேரில் வந்தால் இன்னும் நல்லது. வழி கேட்டால் பக்கத்து ஷெட்டை அடையாளம் சொல்வார்கள். அது இப்போது இறக்குமதி சாமான் குடோன்.