அணிலுக்கு மணிக் கண் வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் பெண்கள் பக்கத்தில், வீட்டிலிருந்தே குரோஷா பொம்மை, அதாவது கொக்கி ஊசியால் நூலில் பின்னும் பொம்மை, செய்து விற்கலாம் என்று அரைப் பக்கத்துக்கு எழுதியிருந்தீர்கள். ஆப்பிளில் தொடங்கி வரிக்குதிரையில் முடியும் இருபத்தாறு பொம்மைகள் வரிசையாக உட்கார்ந்திருந்த படம் அழகாகத்தான் இருந்தது. என் மருமகள் அதைக் கத்தரித்து ஃபிரிட்ஜில் ஒட்டியும் விட்டாள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டத்தில் போய்ப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் கண் இருக்கும் இடத்தில் பளபளவென்று கறுப்பு மணி. படத்துக்குக் கீழே "இரண்டு வயது முதல்" என்று போட்டிருந்தது. அதற்காகத்தான் இந்தக் கடிதம். மற்றதெல்லாம் எழுத உட்கார்ந்த பிறகு சேர்ந்துகொண்டது.

நான் சேர்வராயன் மலையில் முப்பத்து மூன்று வருடம் பால்வாடி டீச்சராக இருந்தவள். அங்கன்வாடிப் பணியாளர் என்பது காகிதத்தில். மலையில் யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. குரோஷா சிறு வயதில் மடத்துச் சிஸ்டர் ஒருவரிடம் கற்றது. மேசை விரிப்பும் தலையணை உறை ஓரமும் போட்டுக்கொண்டிருந்த கையை, எழுத்துக்கு ஒரு பொம்மை என்று பின்னத் திருப்பியது பால்வாடிப் பிள்ளைகள்தான். சுவரில் தொங்கிய எழுத்துப் பட அட்டையை அவர்களுக்குப் பார்க்கத் தெரியாது, பிய்க்கத்தான் தெரியும்.

முதலில் மணியின் கதை. 'ஓ'வுக்கு ஓர் ஓணான் பின்னினேன். பச்சை உடம்பு, முதுகில் முள், கண்ணுக்குச் சிவப்பு மணி இரண்டு. நல்ல நைலான் நூலில் மூன்று முறை முடிச்சுப் போட்டுத்தான் தைத்தேன். மூன்று வயதுப் பெண் ஒருத்தி அதைக் கடித்து, இழுத்து, ஒரு கண்ணைப் பிடுங்கி, விழுங்காமல் மூக்குக்குள் தள்ளிவிட்டாள். குரோஷா ஊசியின் கொக்கியை விட்டு எடுத்துவிடலாமா என்று ஒரு கணம் என் கை போனது. நல்லவேளை, ஆயாம்மா கையைத் தட்டிவிட்டார். கொக்கி மணியை இன்னும் உள்ளே தள்ளும் என்று பிறகுதான் ஒரு நர்ஸ் சொன்னார். பஸ் பிடித்தோம். ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்க இருபது கொண்டை ஊசி வளைவு. வளைவுகளை எண்ணிக்கொண்டே வந்தேன், வேறு எதையும் நினைக்கத் தைரியம் இல்லை. பதினொன்றோ பத்தோ, அந்த வளைவில் அவள் ஒரு தும்மல் போட்டாள். மணி முன் சீட்டுக்காரரின் சட்டைக் காலரில் போய் விழுந்தது. பெண் சிரித்தாள். அவள் அம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. அன்றிலிருந்து என் பொம்மைகளுக்குக் கண் என்றால் கறுப்பு நூலில் தைத்த கண்தான். கடையில் 'சேஃப்டி கண்' என்று பின்பக்கம் வாஷர் வைத்த பிளாஸ்டிக் கண் விற்கிறார்கள். பின்னல் தொளதொளவென்று இருந்தால், துணி இழுபடும்போது அதுவும் வாஷரோடு வெளியே வந்துவிடும்.

அளவுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பொம்மைகளுக்கான தரநிலையில் 31.7 மில்லிமீட்டர் விட்டத்தில் ஒரு சிறு குழாய் சொல்லியிருக்கிறார்கள். அழுத்தாமலே அதற்குள் முழுதாக அடங்கிவிடும் எதையும் மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது. நான் அதற்குப் பழைய கேமரா ஃபிலிம் ரோல் டப்பா ஒன்று வைத்திருக்கிறேன், ஏறக்குறைய அதே அகலம். ஈ, எறும்பு, காப்பிப் பழம் எல்லாவற்றையும் அதில் போட்டுப் பார்ப்பேன். உள்ளே விழுந்தால் பிரித்துவிட்டுப் பெரிதாகப் பின்னுவேன். அதனால் என் ஈ, பிள்ளையின் மூடிய கை அளவுக்கு இருக்கும். 'ஈ' என்பது எழுத்தும் அதுவே, பொருளும் அதுவே. தமிழ்ப் பிள்ளைக்குக் கிடைத்த இந்தச் சலுகையைச் சின்னதாகச் செய்து கெடுப்பானேன்?

சாயம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அதுவும் என் தவறுதான். 'த'வுக்குத் தக்காளி பின்ன மலிவான சிவப்பு நூல் வாங்கினேன். ஒரு பையன் அதை அரை மணி நேரம் சப்பியிருக்கிறான். கூட்டிப்போக வந்த பாட்டி, பேரன் வாயெல்லாம் ரத்தம் என்று ஊரைக் கூட்டிவிட்டார். இப்போது எந்த நூலானாலும் ஒரு முழம் வெட்டி வெந்நீரில் நனைத்து, வெள்ளை வேட்டித் துண்டில் வைத்துத் தேய்த்துப் பார்த்த பிறகுதான் ஊசியில் ஏற்றுவேன். உல்லன் நூலைவிடப் பருத்தி நூல்தான் எனக்குப் பிடிக்கும். ஏற்காட்டுக் குளிருக்கு எதுவும் சரி, சேலத்துச் சித்திரையில் உல்லன் பொம்மையைக் கட்டிக்கொண்டு தூங்கும் பிள்ளைக்குக் கழுத்தெல்லாம் வேர்க்குரு. உள்ளே அடைக்க இலவம் பஞ்சு ஆகாது. கண்ணி வழியாக இழை இழையாக வெளியே வரும், துவைத்தால் கட்டி தட்டும். பாலியஸ்டர் பஞ்சுதான், வேறு வழியில்லை.

இனி உங்கள் கட்டுரையின் அடுத்த குறை. செய்முறையில் பின்னல்களின் பெயரை 'எஸ்.சி.' (சிங்கிள் குரோஷா), 'டி.சி.' (டபுள் குரோஷா) என்று ஆங்கிலச் சுருக்கெழுத்திலேயே போட்டுவிட்டீர்கள். இதனால் என்ன கெட்டுப்போகிறது என்று கேட்டால், என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் பழைய நோட்டில் யானைக்கு 'டபுள்' என்று எழுதியிருந்தேன். மருமகள் போனில் பார்த்துக் கற்றவள்; அந்த நோட்டைப் பார்த்துப் பின்னினாள். வந்தது யானை இல்லை, மீன் வலை. நாலு பக்கமும் பஞ்சு எட்டிப் பார்த்தது. எனக்குச் சிஸ்டர் சொல்லிக்கொடுத்தது இங்கிலாந்து வழக்கு. அங்கே 'டபுள்' என்பது நெருக்கமான குட்டைப் பின்னல். அமெரிக்கக்காரர்கள் அதையே 'சிங்கிள்' என்கிறார்கள். அவர்களுடைய 'டபுள்', நூலை ஒரு சுற்று அதிகம் சுற்றிக் குத்துகிற உயரமான பின்னல். பெயர் ஒன்று, பொருள் இரண்டு. மாமியாரும் மருமகளும் ஒரு வாரம் பேசிக்கொள்ளாததற்கு இதுதான் காரணம் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

எங்கள் தெருவில் என்னிடம் கற்றுக்கொள்ள வரும் பெண்கள் ஏழு பேர். அதில் நாலு பேர் தறி வீட்டிலிருந்து வருகிறவர்கள். கண்ணையும் கையையும் பற்றிக் கவலையே இல்லை, அறுந்த இழையை இருட்டில் முடிவார்கள். ஆனால் அந்தச் சுருக்கெழுத்தைப் பார்த்ததும் "இது படிச்சவங்களுக்குங்க டீச்சர்" என்று தாளை மடித்து வைத்துவிடுகிறார்கள். நாங்கள் எங்களுக்குள் வளையம் வளையமாகக் கோப்பது சங்கிலி, நெருக்கமானது குட்டை, உயரமானது நெட்டை, உயரமே இல்லாமல் இழுத்துவிடுவது நழுவல் என்று நாலு பெயர் வைத்துக்கொண்டிருக்கிறோம். இதைவிட நல்ல பெயர் யாரிடமாவது இருந்தால் எடுத்துக்கொள்ளத் தயார். ஆனால் ஏதாவது ஒரு தமிழ்ப் பெயரில் போடுங்கள்.

போடும்போது ஆப்பிளையும் வரிக்குதிரையையும் தமிழில் பெயர் மாற்றிப் போட்டுவிடாதீர்கள். நானும் முதலில் சுவர் அட்டையைப் பார்த்து அப்படியே பின்னியவள்தான். 'ஒ'வுக்கு ஒட்டகம் செய்ய நாலு நாள் ஆனது. கொண்டுபோய் வைத்தால் ஒரு வாண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது எந்தூரு மாடு டீச்சர்?" என்று கேட்டான். காட்டெருமையை வீட்டு வாசலில் பார்க்கிற பிள்ளை, அவன் கேட்டது நியாயம். ஒட்டகத்தை ஓரம் கட்டிவிட்டு ஒப்பிட்டு பின்னினேன். சேலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம், மற்ற ஊர்க்காரர்கள் போளி என்று வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் நூலில் ஒரு தட்டை வட்டம், அவ்வளவுதான். மறுநாளே அத்தனை பிள்ளைகளும் 'ஒ' சொன்னார்கள். அது கன்னடச் சொல் என்று ஒரு தமிழாசிரியர் கோபித்துக்கொண்டார். இருக்கட்டுமே ஐயா, பிள்ளை வாயில் 'ஒ' வந்ததா இல்லையா?

இப்படியே 'ஆ'வுக்கு ஆரஞ்சு. மலையில் அது வீட்டுப் பழம். 'ப'வுக்குப் பலா, ஒரே கண்ணியில் நாலைந்து நெட்டை போட்டு இழுத்து முடிந்தால் முள் முள்ளாக எழும்பும், பிள்ளைகள் தடவிக்கொண்டே இருப்பார்கள். 'ஏ'வுக்கு ஏரி. ஏரியும் காடும் சேர்ந்துதான் ஏற்காடு என்பார்கள், ஊர்ப் பெயரே அந்த எழுத்தில் இருக்கும்போது ஏணி எதற்கு? நீலத்தில் ஒரு துண்டு பின்னிக் கொடுத்தேன். அதை எலிக்குப் போர்த்தித் தூங்கவைத்துவிட்டார்கள், அதுவும் சரி. 'ஔ'வுக்கு வெள்ளைக் கொண்டை போட்டு ஔவையார் செய்தால், "டீச்சர் பொம்மை" என்றார்கள். 'ஃ'க்கு மூன்று உருண்டைகளைச் சேர்த்துத் தைத்தேன். உருக்காலை இருக்கிற ஊர், 'எஃகு' என்று சொல்லிக்கொடுக்கலாம் என்பது என் திட்டம். அதைப் பார்த்தவுடன் ஒரு சிறுமி "அடுப்பு!" என்றாள். மூன்று கல் வைத்து எரிக்கிற வீட்டுப் பிள்ளை. அதற்குப் பிறகு எஃகைப் பற்றி நான் பேசவில்லை.

பொம்மை பாதி வேலை. மீதி, எழுத்தையே நூலில் செய்வது. இதைத்தான் ஆங்கில மாதிரிகளில் பார்த்து யாரும் கற்றுக்கொள்ள முடியாது. ஆங்கிலத்தின் முதல் எழுத்து மூன்று குச்சி. நம் 'அ' அப்படியா? சுழியில் தொடங்கி, வளைந்து, கடைசிக் கோட்டில் வந்து நிற்கும் வரை கையை எடுக்க வேண்டியதே இல்லை. ஒரே கயிறு. சங்கிலி போட்டு அதன்மேல் ஒரு வரி நழுவல் ஓட்டினால் புடைப்பான கயிறு கிடைக்கும். அதை ஒரு சாண் சதுரத் துணியில் எழுத்தாக வளைத்து, முழுக்க அழுத்தித் தைத்துவிட வேண்டும். தொங்கவிட்டால் கழுத்தில் சுற்றிக்கொள்ளும். தொடங்கும் இடத்தில் பச்சை நூலால் ஒரு முடிச்சு. பிள்ளை அந்த முடிச்சில் விரலை வைத்து அப்படியே ஓட்டிக்கொண்டு போனால், பலகையில் எழுதும் வழியும் அதுதான். ரெண்டு சுழி 'ன', மூணு சுழி 'ண' என்று தொண்டை வறளக் கத்த வேண்டாம், விரலே எண்ணிக்கொள்ளும்.

இது ஒன்றும் என் கண்டுபிடிப்பு இல்லை. உப்புத்தாளில் எழுத்தை வெட்டி ஒட்டி விரலால் தடவவைத்த மரியா மாண்டிசோரி அம்மையார், 1939-ல் அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். போர்க் காலத்தில் கொடைக்கானலிலும் இருந்தார். உப்புத்தாள் எழுத்து எங்கள் மலைக்கு ஏறி வரவில்லை, நூல் வந்தது.

எனக்காக மட்டும் ஓர் எழுத்து செய்து வைத்திருக்கிறேன். 1978-ல் எழுத்தை மாற்றுவதற்கு முன்பு நாங்கள் எழுதிய 'னை'. மேலே தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு இருக்கும். 'யானை' என்று எழுதினால் எழுத்துக்குள்ளேயே யானை நிற்கும். மாற்றியது பிள்ளைகளுக்குச் சுலபம்தான், குறை சொல்லவில்லை. ஆனாலும் அதைப் பின்னும்போது ஒரு தனிச் சந்தோஷம் இருந்தது.

வருமானம் பற்றி உங்கள் கட்டுரை சொன்னதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஓர் அணிலுக்கு எனக்கு மூன்று மணி நேரம் ஆகிறது, கை பழகிய எனக்கு. நூறு ரூபாய் என்றால் "நூல்தானே?" என்று பேரம் பேசுகிறார்கள். தவிர, 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மத்திய கைவினைப் பொருள் மேம்பாட்டு ஆணையர் அலுவலகத்தில் பதிவு செய்துகொண்ட கைவினைஞர்கள் தாங்களே செய்து விற்பதற்கு விலக்கு உண்டு. விற்கலாம் என்று எழுதும்போது இதையும் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

நான் கேட்பது இவ்வளவுதான். வாரம் ஓர் எழுத்து, உங்கள் சிறுவர் பக்கத்தின் ஓரத்தில் கொஞ்சம் இடம். பொருளுக்கு ஒரு செய்முறை, எழுத்துக்கு ஒரு கயிற்றுப் படம், எல்லாம் தமிழில். எழுதித் தர நான் இருக்கிறேன், காசு வேண்டாம். மாதிரிக்கு ஒப்பிட்டைச் சொல்கிறேன். நூல் வளையத்தில் 6 குட்டை. அடுத்த சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டிரண்டு போட்டால் 12. பிறகு சுற்றுக்கு ஆறு ஆறாகக் கூட்டி 18, 24, 30, 36. வட்டம் கிண்ணம் மாதிரி குழிந்தால் கண்ணி குறைகிறது, ஓரம் அப்பளம் மாதிரி நெளிந்தால் அதிகமாகிவிட்டது. 36-க்குப் பிறகு கூட்டாமல் பின்னிக்கொண்டே போனால் தானாகக் குழியும். ஆறு சுற்றுக்குப் பிறகு அதே கணக்கில் குறைத்துக்கொண்டு வந்து, வாய் மூடுவதற்குள் பஞ்சு அடைத்தால் ஆரஞ்சு. ஒரே செய்முறையில் 'ஒ'வும் 'ஆ'வும் முடிந்தது.

இத்துடன் ஓர் அணில் வைத்திருக்கிறேன். திருப்பி அனுப்ப வேண்டாம். கண் நூல்தான், எவ்வளவு வேண்டுமானாலும் இழுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் அலுவலகத்தில் யார் வீட்டிலாவது சின்னப் பிள்ளை இருந்தால் கொடுத்துவிடுங்கள். கொடுப்பதற்கு முன் ஒரு தடவை துவைத்துவிடச் சொல்லுங்கள். தபாலில் எத்தனை கை பட்டதோ.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற பால்வாடி டீச்சர்,
அம்மாபேட்டை, சேலம்.