கியர்பாக்ஸ் ஆயிலும் ஒரு பிளாஸ்டிக் குழாயும்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு வாகனப் பக்கத்தில் ஆட்டோமேட்டிக் கார் வாங்குகிறவர்களுக்குச் சொன்ன யோசனைகளில், 'கியர்பாக்ஸ் ஆயிலைத் தொடவே வேண்டாம், வண்டியின் ஆயுளுக்கும் அதுவே போதும்' என்று ஒரு வரி. முப்பது வருஷமாக அந்த ஆயிலில்தான் கை நனைக்கிறேன், படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. பி.எம்.டபிள்யூ உட்படப் பல கார்களுக்கு கியர்பாக்ஸ் செய்து கொடுக்கும் ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது 8 வருஷத்தில் மாற்றச் சொல்கிறது.

1990களில் குவைத்தில் வேலை பார்த்தபோது ஜெனரல் மோட்டார்ஸின் 440-டி4 கியர்பாக்ஸ் நிறைய வரும். இந்த ஆயில் சூடானால் பெருகும். மட்டம் ஏறினால் சுற்றுகிற பாகங்கள் மோர் கடைவதுபோலக் கடைந்து நுரையாக்கிவிடும், நுரையில் பிரஷர் நிற்காது, கியர் வழுக்கும். அதற்காகவே உள்ளே சின்னதாக ஒரு உலோகத் தகடு வைத்திருப்பான். சூடேறினால் அது வளைந்து வழியை அடைத்து, கொஞ்சம் ஆயிலைப் பக்கவாட்டு மூடிக்குள்ளேயே நிறுத்திக்கொள்ளும், ஆறினால் கீழே விட்டுவிடும். அருமையான யோசனை. அப்படி இருந்தும் வெளியே டிப்ஸ்டிக் என்கிற அளவுக் குச்சி ஒன்று இருந்தது, வண்டிக்காரரே இழுத்துத் துடைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது பல வண்டிகளில் அந்தக் குச்சியே கிடையாது. சில மாடல்களில் அடியில் ஆயில் வடிக்கும் பிளக்கைக் கழற்றினால் உள்ளே ஒரு பிளாஸ்டிக் குழாய் நிற்கும், சுண்டுவிரல் அளவுகூட இருக்காது. அதன் தலைக்கு மேலே இருக்கிற ஆயில்தான் வழியும், மீதி வடிய வேண்டுமானால் ஆலன் கீ போட்டுக் குழாயையும் எடுக்க வேண்டும். மட்டம் என்பதே அந்தக் குழாயின் உயரம்தான். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, ஆயில் சூடு சில வண்டிகளில் 35 முதல் 45 டிகிரி, இசட்எஃப் ஆறு கியர் பெட்டியில் 30 முதல் 50 டிகிரிக்குள் இருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். நம் ஊர் சித்திரை வெயிலில் நிழலில் நிற்கிற வண்டியே நாற்பதை நெருங்கிவிடும்! ஓடி வந்த வண்டி என்றால் ஆறுவதற்கு அரை நாள் ஆகும், கஸ்டமருக்கோ அவசரம். சூடாகவே பிளக்கைத் திறந்தால் பெருகிய ஆயில் கொட்டும். 'அதிகமா ஊத்தியிருக்காங்க சார்' என்று மூடி அனுப்பிவிடுவார்கள், ஆறியபின் உள்ளே குறைவாக இருக்கும். அப்படி ஒரு வண்டி போன மாதம் என்னிடம் வந்தது, டி-யில் போட்டால் மூன்று எண்ணிய பிறகுதான் நகர்ந்தது. முக்கால் லிட்டர் குறைவு.

ஸ்பேர் விஷயம் இதைவிட மோசம். இன்னொரு வண்டிக்குக் குழாய் வாங்கப் போனேன். பழைய நம்பர் நின்றுவிட்டது, இதுதான் இப்போது வருகிறது என்று வேறு நம்பர் போட்ட கவரை நீட்டினார்கள். பழையதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புதியது அரை விரல்கடை கூடுதல் உயரம். சம்பின், அதாவது அடியில் ஆயில் தேங்கும் தட்டின், ஆழம் மாறியதா, ஆயில் ரகம் மாறியதா, எந்த வருஷத்து வண்டியிலிருந்து என்று கேட்டால் கடைக்காரருக்கும் தெரியவில்லை, கவரிலும் ஒரு வார்த்தை இல்லை. பழையதையே கழுவி மாட்டினேன், அது உடைந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ.

டிசைனை மாற்றட்டும், வேண்டாமென்று யார் சொன்னது. மாற்றினால் எந்தச் சம்புக்கு எந்தக் குழாய், எந்த ஃபில்டர், எத்தனை டிகிரியில் பார்ப்பது என்று பாகத்தோடு ஒரு சீட்டுப் போடுங்கள், வெளி மெக்கானிக்கும் படிக்கிற மாதிரி. 2022 டிசம்பரில் ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை தயாரிப்பாளர்கள் பழுதுபார்க்கும் விவரங்களைப் போடுவதற்கான 'ரைட் டு ரிப்பேர்' இணையதளம் தொடங்கியபோது வாகனத் துறையையும் அதில் சேர்த்தார்களே, இந்த விவரத்தையெல்லாம் அங்கே போடச் சொல்லி நீங்கள் எழுதலாம்.

அப்புறம் அந்த 'ஆயுளுக்கும்' வரியை வரும் ஞாயிறு திருத்திவிடுங்கள். நேற்று ஒருவர் ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டியோடு உங்கள் பக்கத்தை மடித்துக் கொண்டுவந்து என்னிடமே காட்டினார்.

இப்படிக்கு,
ஒரு கியர்பாக்ஸ் மெக்கானிக்,
சிங்காநல்லூர், கோவை.